குலைக்குச் சீட்டு இருக்கு, புள்ளைக்கு இல்ல

அக்காவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். அதனால அவ மவனுக்கு எங்க வீட்லதான் சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம். தமிழ்ப்பள்ளில ஆறு வருஷம் முடிச்சுட்டு, இப்ப மலாய்ல நடக்குற இடைநிலைப்பள்ளில படிவம் 2 படிக்கிறான். ராத்திரி ஒம்போது மணி இருக்கும், நான் ரசத்த ஊத்தி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், அவன் எதிர்ல உக்காந்து அறிவியல் புத்தகத்த சத்தமா வாசிக்கிறான், மலாய்ல, கடகடன்னு, ஒரு எடத்துலயும் நிக்காம. எனக்கு சந்தோஷம் தாங்கல. நான் அந்த வயசுல மலாய் புத்தகத்த எடுத்தா வரிக்கு மூணு தடவ முட்டிக்கிட்டு நிப்பேன். பரவாயில்லையே நம்ம வீட்டுப் புள்ளன்னு நெனைச்சுக்கிட்டே, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "பென்யெஜாத்தான் பென்யெஜாத்தான்னு அஞ்சாறு தடவ வந்துச்சே, அப்படின்னா என்னடா?"

புத்தகத்தப் பாத்தான். என்னையப் பாத்தான். "தெரியல மாமா."

"தெரியாமலா இந்த வேகத்துல வாசிக்கிற?"

"சிகு வாசிச்சுட்டு வரச் சொன்னாங்க. வாசிக்கிறேன்." சிகுன்னா மலாய்ல டீச்சர்.

உண்மையச் சொன்னா எனக்கும் தெரியாது. என் மலாய் ஆபீஸ் மலாய், லோரி டிரைவர்கிட்ட பேசுற மலாய், அதுல இந்த வார்த்தைக்கு வேலையே வந்ததில்ல. கைய கழுவிட்டு வந்து போன்ல தேடிப் பாத்தா, நீராவியாதல். அந்த ஒரு வார்த்தைய நான் வாய்விட்டு சொன்னதுதான் தாமதம், பையன் நிமுந்து உக்காந்துட்டான். "அட, அதுவா! அது தெரியும் மாமா. துணி காயுறது. வெயில் அடிச்சா சீக்கிரம் காயும், காத்து அடிச்சாலும் சீக்கிரம் காயும், துணிய விரிச்சுப் போட்டா இன்னும் சீக்கிரம். தமிழ்ப்பள்ளில டீச்சர் கைக்குட்டைய நனைச்சு ஒண்ண சுருட்டி வச்சாங்க, ஒண்ண விரிச்சு வச்சாங்க, நான்தான் போய் தொட்டுப் பாத்துட்டு வந்து சொன்னேன்."

புத்தகத்த வாங்கிப் பாக்குறேன், அந்தப் பக்கத்துல இருக்கிறதும் அதேதான். வெப்பம், காத்து, பரப்பு, ஈரப்பதம். பாடம் முழுக்க அவனுக்குத் தெரிஞ்ச பாடம். தெரிஞ்ச பாடத்த தெரியாத பாடமா நெனைச்சுக்கிட்டு ஒன்றரை வருஷமா ஒருத்தன் கிளாஸ்ல உக்காந்துக்கிட்டு இருந்திருக்கான். அவன் சிகுவும் இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைச்சிருப்பாங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, கேட்டா தலைய குனிஞ்சுக்கிற பையனப் பாத்து வேற என்னதான் நெனைக்கிறது.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஏன்னா நான் மூணு வருஷமா எங்க தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல பொருளாளர். பள்ளிய உயர்த்துறோம், தரத்த உயர்த்துறோம்னு மைக்க புடிச்சுப் பேசுன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்.

எங்க ஊரப் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன். மலேசியாவுல கோல சிலாங்கூர் மாவட்டம், பெஸ்தாரி ஜெயா. பெருசுங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லும், நானும் அப்படித்தான் வாயில வரும். பழைய பேரு மலாய்ல கேக்க ஒரு மாதிரியா இருக்குன்னு 2007ல மாத்துனாங்க. பெஸ்தாரின்னா புத்திசாலின்னு அர்த்தம். பேரு வச்ச நேரமாவது வந்துடும்னு நாங்களும் காத்துக்கிட்டுதான் இருக்கோம். ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, ஒரு பக்கம் ஈயம் தோண்டிட்டு விட்டுட்டுப் போன குளங்க, ஒரு யுனிவர்சிட்டி கேம்பஸ், மத்ததெல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்குற மரம். இந்த நாட்டுல முதமுதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டதே இங்கதான், 1917ல, ஹென்றி ஃபொக்கொனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. அந்த எஸ்டேட்டு பேரு தென்னமரம். தென்னமரம்னு பேரு வச்ச எஸ்டேட்ல பனைய நட்டாங்க, இது எங்க அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிக்கிற ஜோக்கு.

அப்பா முதல்ல பால்மரம், அதான் ரப்பர், வெட்டுனவரு, அப்புறம் செம்பனைக் குலை வெட்டுனாரு. நான் லயத்துல, தோட்டத்து வரிசை வீட்ல பொறந்தவன். ஆயாக்கொட்டாய்ல, அம்மா அப்பா வேலைக்குப் போனா புள்ளைங்கள பாத்துக்குற எடத்துல வளந்து, அப்படியே பக்கத்துல இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவன். இந்த தோட்டப் பள்ளிக்கூடமெல்லாம் எப்படி வந்துச்சுன்னு நெறைய பேருக்குத் தெரியாது. 1923 தொழிலாளர் சட்டத்துல, ஒரு தோட்டத்துல 7 வயசுலருந்து 14 வயசுக்குள்ள 10 புள்ளைங்க இருந்தா முதலாளி ஒரு பள்ளிக்கூடம் வைக்கணும்னு இருந்துச்சு. வச்சாங்க. கொட்டாய் மாதிரி ஒண்ணு, அதுல பாதி எடத்துல கங்காணியோ, கணக்கு எழுதுற கெராணியோதான் வாத்தியாரு. நானும் இப்ப ஆலையில கெராணிதான், அதனால அந்தக் காலமா இருந்தா நானும் வாத்தியாராயிருப்பேன்னு வீட்ல சொல்லுவேன், நல்லவேளன்னுவா என் மனைவி. சுதந்திரத்தப்ப இந்த நாட்டுல கிட்டத்தட்ட 900 தமிழ்ப்பள்ளிங்க இருந்துச்சு. இப்ப 530க்குப் பக்கத்துல. தோட்டத்த துண்டு போட்டு வித்தாங்க, தாமானு, குடியிருப்பு கட்டுனாங்க, ஜனங்க வெளிய போச்சு, பள்ளிக்கூடம் அங்கயே நிக்குது. எங்க பள்ளியும் அப்படித்தான். சுத்தி செம்பனை, நடுவுல பள்ளி, லயத்துல இப்ப இந்தோனேசியாக்காரங்களும் வங்காளதேசத்து ஆளுங்களும், படிக்கிற புள்ளைங்க எல்லாம் டவுன்லருந்து வேன்ல தோட்டத்துக்கு வருதுங்க. நாங்க தோட்டத்துலருந்து டவுனுக்குப் போகத்தான் ஆசைப்பட்டோம், எங்க புள்ளைங்க டவுன்லருந்து தோட்டத்துக்குப் போகுதுங்க.

பள்ளின்னு பேச ஆரம்பிச்சாலே எங்க ஊருல முதல்ல கட்டடம்தான் வரும். அதுக்கு காரணம் இருக்கு, இல்லன்னு சொல்லல. தோட்டத்து நிலத்துல நிக்கிற பள்ளிங்க நெறைய அரசாங்கத்தோட பாதி உதவி பெறுற பள்ளிங்க. வாத்தியாருக்கு சம்பளம் அரசாங்கம் குடுக்கும், நிலம் கம்பெனியோடது, அதனால கூரை ஒழுகுனா, வேலி சாஞ்சா, கக்கூஸ் அடைச்சுக்கிட்டா மேலாளர் வாரியமும் பெற்றோர் சங்கமும்தான் ஓடணும். இப்படி நாப்பது அம்பது வருஷமா கூரைக்காக ஓடி ஓடி, பள்ளின்னா கூரைன்னு எங்க மண்டையில பதிஞ்சு போச்சு. தேர்தல் வந்தா பெரிய அட்டை செக்கு, போட்டோ, பேப்பர்ல செய்தி.

நானும் சும்மா இல்ல. நான் பொருளாளரான முதல் வருஷம் விருந்து வச்சு, டிக்கெட் வித்து, கடைகடையா ஏறி எறங்கி காசு சேத்தோம். அந்தக் காசுல என்ன செஞ்சோம்? வாசல்ல ஒரு வளைவு. கோபுரம் மாதிரி ரெண்டு பக்கமும் தூணு, மேல பள்ளி பேரு, ராத்திரில லைட்டு எரியும். மீட்டிங்ல ஒரு அம்மா, ஷிப்ட்டு யூனிபார்மோட வந்தவங்க, எந்திரிச்சு, "ஆண்டு 3ல என் புள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வரல, அதுக்கு ஏதாச்சும் செய்யலாமே"ன்னு சொன்னாங்க. அதுக்கு பதில் சொன்னவன் நான்தான். "அது வாத்தியாருங்க வேலைமா, நம்ம வேலை வசதி செஞ்சு குடுக்குறது." நல்லா வாய் கூசாம சொன்னேன். அந்த வளைவு இப்பவும் இருக்கு. ராத்திரி அந்தப் பக்கம் யாரும் போறதில்ல, லைட்டப் பாக்குறது காட்டுப்பன்னிங்கதான்.

கட்டடத்துக்கு அடுத்து பேனர். யுபிஎஸ்ஆர், ஆண்டு 6 முடிவுல எழுதுற அரசாங்கப் பரீட்சை, இருந்த காலம் ஞாபகம் இருக்கும். 1988ல ஆரம்பிச்சு, 2019தான் கடைசியா நடந்தது, 2020ல கோவிட்டுல நிறுத்துனாங்க, 2021ல எடுத்தே விட்டுட்டாங்க. அப்பல்லாம் தமிழ்ப்பள்ளிக்கு எல்லா பேப்பர்லயும் ஏ வாங்குனா 7ஏ, 2016லருந்து 8ஏ. வாங்குன புள்ளைங்க போட்டோவ பேனர் அடிச்சு வேலியில கட்டுவாங்க, நாலு புள்ளைங்க சிரிச்சுக்கிட்டு இருக்கும். அந்த வகுப்புல மிச்சம் எத்தன பேரு, அவங்க எங்க போனாங்கன்னு பேனர்ல இருக்காது. மலாய் பேப்பர் ரெண்டுலயும் குறைஞ்சது சி வாங்குனாத்தான் நேரா படிவம் 1, மத்த புள்ளைங்க புகுமுக வகுப்புக்குப் போச்சுங்க, ஒரு வருஷம் மலாய் புடிச்சுக்கிட்டு படிவம் 1க்கு வர்றதுக்கு. என் கூட படிச்சவங்கள்ல புகுமுக வகுப்புக்குப் போனவங்க பாதிப் பேரு படிவம் 3 தாண்டல. நான் சி வாங்கி தப்பிச்சவன், அவ்வளவுதான் வித்தியாசம், என்னமோ பெரிய புத்திசாலின்னு இல்ல.

யுபிஎஸ்ஆர் போனதுல எனக்கு வருத்தமில்ல, திரும்ப வரணும்னும் சொல்ல மாட்டேன். பத்து வயசுப் புள்ளைய ராத்திரி பத்து மணி வரைக்கும் டியூஷன்ல உக்கார வச்ச பரீட்சை அது. ஆனா அது போச்சு, படிவம் 3ல எழுதுன பிடி3யும் 2022ல போச்சு. அதுக்கப்புறம் ஒரு புள்ள ஆண்டு 1ல சேந்ததுலருந்து படிவம் 5ல எஸ்பிஎம் எழுதுற வரைக்கும் அந்த மாதிரி பெரிய பொதுப் பரீட்சை இல்லாம இருந்துச்சு. 17 வயசுலதான் முதல் மணி அடிச்சுச்சு. நடுவுல இருந்தது பெரும்பாலும் பள்ளியிலயே போடுற மதிப்பீடு, டிபின்னு ஒரு படி, 1லருந்து 6 வரைக்கும். டிபி 3 வந்துட்டா கீழ்மட்டத்த தொட்டாச்சுன்னு கணக்கு. என் அக்கா மவன் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன், அறிவியல் டிபி 3. அக்காவ கேட்டேன், இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? "6க்கு 3 தானே, பாதி மார்க்கு, பரவால்ல." எனக்கும் அதுக்கு மேல தெரியாம நானும் தலையாட்டிட்டு வந்தவன்தான்.

இது எங்க ஊரு கதை மட்டுமில்ல. பீசா சோதனைன்னு ஒண்ணு இருக்கு, 15 வயசுப் புள்ளைங்களுக்கு உலகம் முழுக்க வைக்கிறது. மலேசியாவுக்கு வாசிப்புல 2018ல 415 புள்ளி, 2022ல 388. பணக்கார நாடுங்களோட சராசரி 476. கோவிட்ட சொல்லலாம், எல்லா நாட்டுக்கும்தான் கோவிட்டு வந்துச்சு. அந்தச் சோதனையில கேக்குறது எழுத்துக்கூட்டி சத்தமா வாசிக்கத் தெரியுமான்னு இல்ல, வாசிச்சது விளங்குச்சான்னு. எங்க டைனிங் டேபிள்ல ராத்திரி ஒம்போது மணிக்கு நடந்தது அதேதான்.

இப்ப என் வேலையப் பத்தி சொல்லணும், ஏன்னா அங்கதான் எனக்கு இது மண்டையில ஏறுச்சு. நான் செம்பனை ஆலையில எடை மேடையில உக்காந்திருக்கிற கெராணி. லோரி குலையோட வரும், எடை போடுவேன், உள்ள போய் கொட்டிட்டு வெறும் லோரி திரும்ப வரும், மறுபடி எடை போட்டு கழிப்பேன். ஆனா எடைக்கு முன்னாடி டிரைவர் ஜன்னல் வழியா நீட்டுறது சீட்டு. எந்தத் தோட்டம், எந்த பிளாக், எத்தன குலை, எப்ப வெட்டுனது, யாரு ஏத்துனது, எல்லாம் அதுல இருக்கும். சீட்டு இல்லாம ஒரு லோரியக் கூட உள்ள விட மாட்டேன், என் வேலை போயிடும். கொட்டுன எடத்துல ஒருத்தன் நின்னு பழுத்தது எத்தன, காய் எத்தன, அழுகுனது எத்தனன்னு பாத்து எழுதுவான். வெட்டுன குலை 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்கு வந்துடணும், தங்கிடுச்சுன்னா எண்ணெய்ல அமிலம் ஏறிடும். ஒரு குலை எங்கயோ ஒரு நாள் கெடந்தா கூட யாரு பொறுப்புன்னு கண்டுபுடிச்சிடுவாங்க.

தமிழ்ப்பள்ளில ஆறு வருஷம் இருந்த புள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போறப்ப கையில என்ன கொண்டு போகுது? ரிப்போர்ட் இருக்கு, கம்ப்யூட்டர்ல டிபி நம்பர் இருக்கு. இந்தப் புள்ளைக்கு பின்னம் நல்லா வரும் ஆனா கணக்க வாக்கியமா குடுத்தா மலாய்ல தடுமாறும், இதுக்கு கண்ணு சரியாத் தெரியல முன்னாடி உக்கார வைங்க, இது கேட்டா பேசாது ஆனா எழுதச் சொன்னா எழுதும், இப்படி ஒரு வரி கெடையாது. ஆறு வருஷம் அந்தப் புள்ளையப் பாத்த டீச்சர் மண்டையில எல்லாம் இருக்கு. அது அங்கயே நின்னு போகுது. எங்க ஊருல தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் வேன்ல பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்த எந்த வாத்தியாராவது இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் கடந்து போனதுண்டான்னு விசாரிச்சேன். விளையாட்டுப் போட்டிக்குப் போயிருக்காங்க.

அடுத்த வாரம் நானே போனேன், இடைநிலைப்பள்ளிக்கு. லீவு போட்டுட்டு, சட்டைய உள்ள விட்டுக்கிட்டு. அறிவியல் சிகு ஒரு மலாய் அம்மா, வயசு முப்பதுக்குள்ளதான் இருக்கும். நான் ஏதோ புகார் சொல்ல வந்திருக்கேன்னு முதல்ல கொஞ்சம் இறுக்கமா இருந்தாங்க. அந்த ராத்திரி கதைய எனக்குத் தெரிஞ்ச மலாய்ல சொன்னேன், கைக்குட்டை விஷயம் வரைக்கும். அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, தமிழ்ப்பள்ளில அறிவியல் தமிழ்லயா சொல்லித் தர்றீங்க, மலாய்ல இல்லையா? நான் அசந்துட்டேன். நாலு வருஷமா எங்க புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறாங்க, தெரியாது. அவங்கள கோவிச்சுக்க முடியுமா, சொல்லியிருக்க வேண்டியது யாரு? 2003ல கணக்கும் அறிவியலும் இங்கிலீஷ்னாங்க, 2012ல நிறுத்துனாங்க, 2016லருந்து இருமொழித் திட்டம்னு சில பள்ளிங்கள்ல மட்டும் இங்கிலீஷ், அதுக்கு எங்க ஆளுங்களே ரெண்டு கட்சியா நின்னு பேப்பர்ல அடிச்சுக்கிட்டாங்க. எந்தப் பள்ளியில எந்த மொழியில நடக்குதுன்னு எங்களுக்கே குழப்பம். ஆனா தமிழ்ல படிச்சதால புள்ள பின்தங்கிடுச்சுன்னு யாராவது இந்தக் கதைய எடுத்துக்கிட்டுப் பேசுனா நான் ஒத்துக்க மாட்டேன். தமிழ்ல படிச்சதாலதான் அவனுக்கு விளங்குச்சு, விரிச்ச துணிக்கும் சுருட்டுன துணிக்கும் வித்தியாசம் இன்னும் அவன் வெரல்ல இருக்கு. அவனுக்கு இல்லாம போனது ஒரே ஒரு வார்த்தை, அத எடுத்துக் குடுக்க ஒரு ஆளு.

அந்த ஆளு அந்தப் பள்ளியிலயே இருந்தாங்க, அதுதான் கொடுமை. இடைநிலைப்பள்ளில 15 புள்ளைங்களோட பெத்தவங்க கேட்டா தமிழ் சொல்லிக் குடுக்கணும்னு 1996 கல்விச் சட்டத்துலயே இருக்கு. அப்படி வந்த தமிழ் டீச்சர் ஒருத்தவங்க, மதியத்துக்கு மேல தமிழ் எடுக்குறாங்க, காலையில வேற பாடம். ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான், தமிழ்ப்பள்ளில படிச்சவங்க, மலாய்ல பாடம் எடுக்குறவங்க. ஸ்டாப் ரூம்ல போய் நின்னு விஷயத்த சொன்னேன். "நானும் இத எத்தனையோ தடவ நெனைச்சிருக்கேன் சார், யாராவது வந்து கேப்பாங்களான்னு பாத்தேன், இந்த எட்டு வருஷத்துல பெத்தவங்க பக்கத்துலருந்து நீங்கதான் முதல் ஆளு"ன்னாங்க. எனக்கு அந்த வளைவு லைட்டு ஞாபகம் வந்துச்சு.

முதல்ல செஞ்சது சொல்புத்தகம். ஒன்னும் பெரிய கண்டுபிடிப்பு இல்ல, ரெண்டு வெள்ளிக்கு வாங்குன நோட்டுப் புத்தகம், நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலாய். பின்னம், பெச்சாஹான். விழுக்காடு, பெராத்துஸ். பரப்பளவு, லுவாஸ். உருகுதல், பெலெபுரான். டீச்சரு பாடப்புத்தகத்தப் பாத்து வார்த்தைங்கள எடுத்துக் குடுத்தாங்க, ஆனா அர்த்தத்த புள்ளைங்களே கண்டுபுடிச்சு எழுதணும்னு கட்டாயம் வச்சாங்க, நாம எழுதிக் குடுத்தா அதையும் அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ணிடுவாங்கன்னு. அது சரிதான், நான் அச்சடிச்சுக் குடுத்துடலாம்னுதான் கெளம்புனேன், பழக்கம் போகுமா, ஸ்பான்சர் கூட மனசுல பாத்து வச்சுட்டேன்.

தமிழ்ப்பள்ளி பக்கம் வேலை அவ்வளவு சுளுவா இல்ல. அந்த ஷிப்ட்டு யூனிபார்ம் அம்மாவ தேடிப் போய் மன்னிப்பு கேட்டேன், அவங்களுக்கு அது ஞாபகமே இல்ல, "எத்தனையோ பேரு எத்தனையோ சொல்றாங்க"ன்னாங்க. அவங்க புள்ள அப்ப ஆண்டு 5. வாசிக்கச் சொன்னேன். ஒரு வரிய எடுத்தா முதல் எழுத்தப் பாத்துட்டு மிச்சத்த ஊகிச்சு சொல்லுது. "மரம்"னு இருந்தா "மாடு"ங்குது, படத்துல மாடு நிக்குது. மூணு வருஷமா படத்தப் பாத்தே ஓட்டியிருக்கு, கெட்டிக்காரப் புள்ள, முட்டாளா இருந்தா எப்பவோ மாட்டியிருக்கும்.

எங்க பள்ளி சின்னது. 150 பேருக்குக் குறைவா இருந்தா குறைந்த மாணவர் பள்ளின்னு கணக்கு, தமிழ்ப்பள்ளிங்கள்ல பாதிக்கு மேல அப்படித்தான். ஒரு வகுப்புல பதினொன்னு, பதிமூனு புள்ளைங்க. டவுன்ல பெரிய பள்ளில 35 பேர வச்சுக்கிட்டு இருக்கிற வாத்தியாருக்கு இது சொர்க்கம் மாதிரி தெரியும். பதினோரு புள்ளைங்கள்ல ஒண்ணுக்கு வாசிக்க வரலன்னா எப்படி தெரியாம போகும்னு நானும் கோவமா கேட்டேன் தலைமையாசிரியர்கிட்ட. அவரு என்னைய உக்கார வச்சு அவரோட ஒரு நாளக் காட்டுனாரு. சின்ன பள்ளின்னா வாத்தியாரும் கம்மி, ஆனா நிரப்புற ஃபாரமும் அறிக்கையும் பெரிய பள்ளிக்கு எவ்வளவோ அவ்வளவே. விளையாட்டு, சாரணர், உணவுத் திட்டம், பாடநூல் கடன், பாதுகாப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு செயலாளர், ஒரு டீச்சர் தலையில ஆறு ஏழு. "தெரியாம இல்ல. தெரியும். உக்காந்து கேக்க நேரம் இல்ல"ன்னாரு. அவரு கணக்கு வாத்தியாரும் கூட, அன்னைக்கு என்கிட்ட பேசுன அரை மணி நேரம் ஆண்டு 6 பாடவேளை, பக்கத்து ரூம்ல புள்ளைங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அதனால உக்காந்து கேக்குற வேலைய நாங்க எடுத்துக்கிட்டோம். பெத்தவங்க பாடம் நடத்த வேணாம், அது எங்களால ஆகாது. ஒரு புள்ள பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் அது வாசிக்கிறத காதால கேக்கணும், எங்க நிக்குதோ அங்க பென்சில்ல ஒரு புள்ளி வைக்கணும், அவ்வளவுதான். அந்தப் புள்ளிங்கள டீச்சர் அப்புறம் பாத்துக்குவாங்க. வாரத்துல ரெண்டு நாளு, பள்ளி முடிஞ்சதும். பாட்டிங்கதான் நல்லா வந்தாங்க. தமிழ் எழுத்து தெரியாத ஒரு பாட்டி கூட வந்து உக்காந்து, புள்ள நிறுத்துனா "ம், அப்புறம்?"னு கதை கேக்குற மாதிரி கேக்கும், அந்தப் பாட்டிகிட்ட வாசிக்க வரிசை நிக்குதுங்க.

ஆனா இதுக்கெல்லாம் குறுக்க நின்னது என்ன தெரியுமா? வேன். பள்ளி ஒண்ணரை மணிக்கு முடியும், வேன் ஒன்னு நாப்பதுக்கு கெளம்பிடும். தோட்டத்து நடுவுல வேற பஸ் கெடையாது, அப்பா ஒரு ஷிப்ட்டு, அம்மா ஒரு ஷிப்ட்டு, ரவாங் பக்கம் ஃபேக்டரியில. தங்க வச்சா புள்ள வீட்டுக்கு எப்படிப் போகும்? கூடுதல் வகுப்பு வைக்கிறோம் பெற்றோர் ஒத்துழைக்க மாட்டேங்குறாங்கன்னு வருஷா வருஷம் மீட்டிங்ல சொல்லுவோம், அந்த ஒன்னு நாப்பது வேன யாரும் பாத்ததில்ல. வேன் ஓட்டுறவர் வீட்டுக்கே போனேன். "தம்பி, ரெண்டே முக்காலுக்கு எடுத்தா என் அடுத்த டிரிப்பு போயிடும், டீசல் யாரு தர்றது?" நியாயம்தான். பேசிப் பேசி, செவ்வாயும் வியாழனும் ரெண்டாவது நடை, சங்கத்துக் கணக்குலருந்து நடைக்கு இவ்வளவுன்னு முடிவாச்சு. கணக்குப் பாத்தா அந்த வளைவுக்குப் போட்ட காசுல இந்த வேன எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கலாம். எத்தன வருஷம்னு எழுத கை வரல, பொருளாளர் நான்தானே.

சீட்டு விஷயம்தான் இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு. ஆண்டு 6 முடிக்கிற ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பக்கம், வகுப்பு டீச்சர் கைப்பட எழுதி, இடைநிலைப்பள்ளிக்குக் குடுத்து விடுறதுன்னு என் யோசனை. நான் என்னமோ எல்லாரும் கைதட்டுவாங்கன்னு நெனைச்சேன். தலைமையாசிரியர் ஒரே கேள்வி கேட்டாரு. "இந்தப் புள்ளைக்கு வாசிக்க வரலன்னு நாம எழுதி அனுப்புனா, அவங்க என்ன செய்வாங்க? கடைசி கிளாஸ்ல போட்டுடுவாங்க. உங்க ஆலையில காய்னு எழுதுன குலைய என்ன செய்வீங்க?"

பதில் வரல எனக்கு. காயத் திருப்பி அனுப்புவோம், இல்ல விலைய கழிப்போம். அவரு சொன்னது சரி. படிவம் 1ல முதல் கிளாஸ், கடைசி கிளாஸ்னு பிரிச்சுட்டா, கடைசி கிளாஸ்ல போய் பாத்தீங்கன்னா நம்ம முகமாத்தான் இருக்கும், அங்க போன புள்ள வெளிய வந்தத நான் பாத்ததில்ல. ஒரு சீட்டு எழுதி நாமளே அங்க அனுப்பி வைக்கிறதான்னு அவருக்கு பயம். தமிழ் டீச்சர்தான் ஒரு வழி சொன்னாங்க. மார்க்கு வேணாம், டிபி வேணாம், வராதத எழுத வேணாம். என்ன தெரியும், எந்த மொழியில தெரியும், எங்க கை குடுக்கணும், மூணே மூணு. அதையும் ஆபீஸ் வழியா அனுப்பாம, பெத்தவங்க கையில குடுத்து, அவங்க நேரா வகுப்பு ஆசிரியர்கிட்ட கொண்டு போய் குடுக்கணும். குடுக்க இஷ்டமில்லன்னா குடுக்க வேணாம். போன வருஷம் பதினாலு பேருக்கு எழுதுனோம். ஒம்போது பேரு கொண்டு போனாங்க. ரெண்டு பேரு பையிலயே வச்சு மறந்துட்டாங்க, மத்தவங்க வேணாம்னுட்டாங்க. ஒரு அப்பா மட்டும் சீட்டக் குடுத்துட்டு அங்கயே நின்னு டீச்சர் வாசிக்கிற வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்தாராம், லோரி ஓட்டுறவரு, பழக்கம்.

இதுனால எல்லாம் மாறிடுச்சான்னு கேட்டா, எனக்கு அப்படி சொல்ல வராது. படிவம் 1 கடைசி கிளாஸ் இன்னும் இருக்கு. தோட்டத்துலருந்து பள்ளிய டவுனுக்கு மாத்தணும்னு கேட்டு எழுதுன கடுதாசிக்கு இன்னும் பதில் இல்ல. அறிவியல் சிகு ஒரு நாள் எங்க பள்ளிக்கு வந்து ஆண்டு 6 வகுப்புல பின்னாடி உக்காந்து பாத்தாங்க, தமிழ் ஒரு வார்த்தை தெரியாம, ஒரு மணி நேரம். போறப்ப அவங்க நோட்டுல ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தாங்க, எங்க புள்ளைங்க மாதிரியே நடுவுல கோடு போட்டு. உச்சரிப்பு கேட்டா சிரிப்பு வரும், "நீராவியாதல்" அவங்க வாயில என்னென்னமோ ஆவுது, அதக் கேக்குறதுக்காகவே கிளாஸ்ல பசங்க கைய தூக்குறானுங்கன்னு அக்கா மவன் சொல்றான்.

போன வாரம் அவனே போன் பண்ணான், நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சட்டைய கழட்டிக்கிட்டு இருக்கேன். "மாமா, ஜிசிம்னு ஒண்ணு வருது, பெராத்னு ஒண்ணு வருது. பெராத்னா எடை, தெரியும். ஜிசிம்னா என்ன? அதுவும் எடைதானே?"

இருபத்தி ரெண்டு வருஷமா எடை மேடையில உக்காந்திருக்கேன், இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரியாமயா போகும். "ஆமாடா, ரெண்டும் ஒண்ணுதான்"னேன்.

ஹால்ல படுத்துக்கிட்டு கலர் அடிச்சுக்கிட்டு இருந்த என் மவ, ஆண்டு 5, தலையக் கூட தூக்கல. "இல்லப்பா. பொருண்மை."

"என்னது?"

"ஜிசிம்னா பொருண்மை. டீச்சர் சொன்னாங்க. போன குடுங்க, நான் சொல்றேன்."

குடுத்தேன். ரெண்டும் என்னென்னமோ பேசுச்சுங்க, நிலாவுல போனா எடை குறையும் பொருண்மை குறையாதுன்னு காதுல விழுந்துச்சு. அப்புறம் அவ போன என்கிட்ட நீட்டி, வியாழக்கிழமை ரெண்டாவது வேன் இருக்கா இல்லையான்னு அத்தை கேக்குறாங்கன்னா.